வீட்டில் இருந்தபடியே ஓர் எரிமலையைக் கண்காணிப்பது எப்படி?

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றுகூடக் கிடையாது. இந்தப் பொழுதுபோக்குக்கு அது ஒரு தடையே இல்லை. உலகின் முக்கியமான எரிமலை ஆய்வகங்கள் பல, தங்கள் கேமராக்களையும் கருவிகளின் வரைபடங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. செயற்கைக்கோள் படங்களும் இலவசம். ஒரு கணினி, ஒரு நோட்டு, தினமும் கால் மணி நேரம் இருந்தால் போதும். கைபேசியிலும் பார்க்கலாம், ஆனால் வரைபடங்களைப் படிக்க அந்தத் திரை சிறிது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வெடிப்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அலுத்துப் போய்விடுவார்கள். நான் சொல்வேன், அந்த ஒன்றும் நடக்காத நாலு நாள்தான் பாடம். ஓர் எரிமலையின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு, அசாதாரணமான நாள் கண் முன்னால் வந்து நின்றாலும் தெரியாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தச் சாதாரண நாளைப் பழகுவதற்கானவை.

முதல் படி: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

எட்னா, மெராபி, ஐஸ்லாந்து, சக்குராஜிமா என்று ஒரே நேரத்தில் பத்து சாளரம் திறந்து வைத்தால் எதுவும் மனதில் நிற்காது. ஆரம்பத்துக்கு ஹவாய்த் தீவின் கிலவேயாவைத்தான் நான் பரிந்துரைப்பேன். காரணம் எளிது: அதைப் போல நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் எரிமலைகள் உலகில் மிகக் குறைவு. தாமஸ் ஜாகர் 1912இல் அங்கே தொடங்கிய ஆய்வகம் இன்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையான யு.எஸ்.ஜி.எஸ்.ஸின் கீழ் இயங்குகிறது. அந்தத் துறையின் பெயரோடு கிலவேயா என்று சேர்த்துத் தேடினால் கேமரா, வரைபடம், தினசரி அறிக்கை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2024 டிசம்பர் 23 அன்று அதன் உச்சிப் பள்ளத்தில் தொடங்கிய வெடிப்பு ஒரு தாளகதியில் நடந்தது. சில மணி நேரம் லாவா ஊற்று எழும், நின்றுவிடும், பல நாள் ஓய்வு, மறுபடி ஊற்று. முப்பது தடவைக்கும் மேல் இப்படி நடந்திருக்கிறது. சில ஊற்றுகள் 300 மீட்டருக்கும் மேலே போயின. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தும் ஆசிரியர் கிடைப்பது அபூர்வம். அந்த எரிமலை இன்று என்ன நிலையில் இருந்தாலும், அந்த நாட்களின் பதிவுகளை வைத்தே நிறையக் கற்கலாம்.

இரண்டாம் படி: கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

ஹவாய் நேரம் நம் நேரத்துக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்னால். நமக்குக் காலை 10 மணி என்றால் அங்கே முந்தைய நாள் மாலை 6.30. அதாவது நம் முற்பகல் அவர்களுடைய இரவின் தொடக்கம், லாவாவின் ஒளி கேமராவில் நன்றாகத் தெரியும் நேரம். அவர்கள் காலையில் வெளியிடும் தினசரி அறிக்கை நமக்கு நள்ளிரவு வாக்கில் வந்துவிடும். எழுந்து காபியோடு படிக்கலாம்.

செயற்கைக்கோள் படங்கள் உலகப் பொது நேரத்தில் வரும், ஆய்வக வரைபடங்கள் சில சமயம் உள்ளூர் நேரத்தில் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நேற்று நடந்ததை நாளை நடக்கப்போவதாக நினைப்போம். உங்கள் நோட்டில் உலகப் பொது நேரம் மட்டும் எழுதுங்கள். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் போதும்.

மூன்றாம் படி: எச்சரிக்கை நிறங்களைப் படிப்பது

அமெரிக்க முறையில் ஒவ்வோர் எரிமலைக்கும் இரண்டு குறியீடுகள் உண்டு. தரையில் இருப்பவர்களுக்கு இயல்பு, அறிவுறுத்தல், கவனம், எச்சரிக்கை என்று நாலு நிலை. விமானங்களுக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு நிறம். பெரும்பாலும் இரண்டும் ஜோடியாகவே நகரும். இங்கே புதியவர்கள் ஒரு விஷயத்தில் திகைப்பார்கள்: கிலவேயாவில் ஊற்று வானளாவ எழுந்த நாட்களிலும் பல முறை நிறம் ஆரஞ்சிலேயே இருந்தது. லாவா உச்சிப் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதால் ஊர்களுக்கு ஆபத்தில்லை என்பதுதான் காரணம். நிறம் காட்டுவது ஆபத்தின் அளவை. காட்சியின் பிரம்மாண்டத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

நாட்டுக்கு நாடு அளவுகோல் மாறும். ஜப்பானில் 1 முதல் 5, நியூசிலாந்தில் 0 முதல் 5, இந்தோனேசியாவில் நாலு நிலை. எனவே 'லெவல் 2' என்று ஒரு செய்தி வந்தால் எந்த நாட்டு 2 என்று முதலில் பாருங்கள்.

தாழ்ந்த நிலை என்றால் பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானின் ஒன்டாக்கே 2014 செப்டம்பர் 27 அன்று நண்பகல் வாக்கில் வெடித்தபோது அதன் நிலை 1. அது சனிக்கிழமை, இலையுதிர் காலம், உச்சி முழுக்க மலையேறிகள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். நிலத்தடி நீர் சூடேறி நீராவியாக வெடித்த வகை அது. அந்த வகை பெரிதாக முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை.

நான்காம் படி: கேமராவைப் பார்க்கப் பழகுவது

கேமராவைத் திறந்ததும் லாவாவைத் தேடாதீர்கள். முதல் ஒரு வாரம் புகையை மட்டும் பாருங்கள். வெள்ளையாக எழுந்து சற்றுத் தூரத்தில் கரைந்து மறைந்தால் அது பெரும்பாலும் நீராவி. கரையாமல் நீண்ட தூரம் இழுபட்டால், நீலம் கலந்த மங்கலாக இருந்தால், சல்ஃபர் வாயு. சாம்பல் நிறத்தில் காலிஃபிளவர் மாதிரி உருண்டு திரண்டு எழுந்தால்தான் சாம்பல். காற்றின் திசை, காலை வெயில் விழும் கோணம், மழைக்குப் பின் சூடான பாறையிலிருந்து எழும் ஆவி, இவை மூன்றும் சேர்ந்து உங்களை முதலில் ஏமாற்றும். மழைக்கு மறுநாள் 'எரிமலை விழித்துவிட்டது' என்று எழுதுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

இரவில் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். அதனால் சிறு ஒளிகூடப் பெரும் தீ போலத் தெரியும். நேற்று இதே நேரத்துப் படத்தோடு ஒப்பிடுவதே சரி. கேமராக்களும் பலியாவதுண்டு: 2025 டிசம்பரில் கிலவேயா ஊற்று ஒன்று ஒரு நேரலைக் கேமராவைக் கல்லும் சாம்பலுமாகக் கொட்டி மூடியது. அது கடைசி நொடிவரை படம் அனுப்பிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் படி: சாய்வு வரைபடம்

எனக்குக் கேமராவைவிட இதுதான் பிடிக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

நிலத்தடியில் உருகிய பாறைக் குழம்பான மாக்மா சேரச் சேர, மேலே இருக்கும் நிலம் எண்ணெயில் போட்ட பூரியைப் போல மெல்ல உப்பும். அப்படி உப்பும்போது அதன் விளிம்புகள் வெளிப்பக்கம் சாயும். துளைக்குள் பொருத்தப்பட்ட சாய்வுமானி அந்தச் சாய்வை மைக்ரோரேடியன் என்ற அலகில் அளக்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியின் ஒரு முனையை ஒரே ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் ஏற்படும் சாய்வு ஒரு மைக்ரோரேடியன். அவ்வளவு நுட்பம்.

கிலவேயாவின் ஓய்வு நாட்களில் இந்தக் கோடு மெதுவாக ஏறும். ஊற்று தொடங்கியதும் செங்குத்தாக விழும், பத்து, இருபது மைக்ரோரேடியன் சில மணி நேரத்தில் போய்விடும். உள்ளே இருந்தது வெளியே கொட்டுகிறது, நிலம் வற்றுகிறது. ஊற்று நின்ற கணத்தில் கோடு சட்டென்று திரும்பி மறுபடி ஏறத் தொடங்கும். ஒரு மாத வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ரம்பப் பற்கள் போலத் தெரியும். கேமராவில் மேகம் மூடியிருந்தாலும், ஊற்று எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று இந்தக் கோட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

போன தடவை விழுந்த அளவு கிட்டத்தட்ட மீண்டுவிட்டால் அடுத்த ஊற்று நெருங்குகிறது என்று அர்த்தம். ஆய்வகமும் இதையெல்லாம் வைத்துத்தான் 'இன்ன நாளிலிருந்து இன்ன நாளுக்குள்' என்று ஓர் இடைவெளி சொல்லும். ஒரு தேதியை மட்டும் குறிப்பிட்டுச் சொல்ல அவர்களும் துணிவதில்லை.

கோடு பொய் சொல்லும் இடங்களும் உண்டு. பலத்த மழையில் சாய்வுமானி அலையும். பகல் இரவு வெப்ப மாற்றத்தால் தினசரிச் சிறு அலை வரும். நிலநடுக்கம் வந்தால் கோடு ஒரே தாவாகத் தாவி வேறு மட்டத்தில் தொடரும், அதை உப்பலாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கிலவேயாவில் சில மணி முதல் ஓரிரு நாள்வரை கோடு இறங்கி மறுபடி ஏறும் ஒரு பழக்கமும் உண்டு. அதற்குப் பிறகு வெடிப்பு வந்தே தீரும் என்றில்லை. இரண்டு வாரம் பார்த்தால் இதெல்லாம் கண்ணுக்குப் பழகிவிடும்.

ஆறாம் படி: அதிர்வுகள்

இதை முதலில் மேலோட்டமாகக் கற்றால் போதும். பாறை முறிவதால் வரும் அதிர்வு கூர்மையாகத் தொடங்கிச் சீக்கிரம் அடங்கும். நீர்மமும் வாயுவும் விரிசல்களில் நகர்வதால் வருவது மெதுவான, நீண்ட அலை. இடைவிடாமல் மணிக்கணக்கில் வரும் நடுக்கம் மூன்றாவது வகை. லாவா வெளியே ஓடும்போது அது பெரும்பாலும் கூடும். நாள் முழுவதையும் வரிவரியாகக் காட்டும் பதிவுத் தாளில் இந்த நடுக்கம் தடித்த கறுப்புப் பட்டையாகத் தெரியும். பலத்த காற்றும் அதே மாதிரிதான் தெரியும். எனவே பக்கத்திலுள்ள இரண்டு நிலையங்களையாவது ஒப்பிடுங்கள்.

நிலநடுக்கப் பட்டியலில் ஆழம் 'மைனஸ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஆழத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் இடங்களில், மலைக்குள்ளேயே அதற்கு மேலே நடந்த அதிர்வு அது. அப்புறம், எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். ஐம்பது அதிர்வுகள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, நாளுக்கு நாள் ஒரு பக்கமாக நகர்கின்றனவா என்று வரைபடத்தில் பாருங்கள். 2018 மே மாதம் கிலவேயாவின் கிழக்குப் பிளவு மண்டலத்தில் அதிர்வுகள் கிழக்கு நோக்கி நகர்ந்துபோன சில நாளில்தான் லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்புக்குள் லாவா பிளந்து வந்தது. அந்த வெடிப்பு 700 வீடுகளுக்கும் மேல் விழுங்கியது.

ஏழாம் படி: வாயு

சல்ஃபர் டை ஆக்சைடு ஒரு நாளைக்கு எத்தனை டன் வெளியேறுகிறது என்று ஆய்வகங்கள் அவ்வப்போது சொல்லும். கிலவேயாவில் ஓய்வு நாளில் ஆயிரக்கணக்கில் இருப்பது, ஊற்று எழும்போது பல பத்தாயிரமாகும். வாயு கூடினால் மாக்மா மேலே வருகிறது என்பது பொதுவான வாசிப்பு. அப்படியானால் வாயு குறைந்தால் நல்லதா? 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ இதற்குச் சொன்ன பதில் ஒவ்வொரு புதியவரும் தெரிந்திருக்க வேண்டியது. மே 13 அன்று நாளுக்குச் சுமார் 500 டன். மே 28க்குள் 5,000 டன். ஜூன் 5 வாக்கில் 300 டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. எரிமலை அமைதியாகவில்லை, வாயு வெளியேறும் வழி அடைத்துக்கொண்டது. உள்ளே அழுத்தம் ஏறியது. ஜூன் 12 அன்று பெரிய வெடிப்புகள் தொடங்கின, ஜூன் 15 அன்று உச்சம். பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகளும் அமெரிக்கக் குழுவும் அந்த இறக்கத்தை மட்டும் தனியாக எடுத்து நம்பவில்லை. அதிர்வையும் சேர்த்துப் பார்த்து எச்சரிக்கையை உயர்த்தினார்கள். பல்லாயிரம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் உயிர் பிழைத்தார்கள்.

ஆகவே ஒரு கருவி சொல்வதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். சாய்வு, அதிர்வு, வாயு, கண்ணால் காண்பது, இவற்றில் குறைந்தது இரண்டாவது ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

எட்டாம் படி: செயற்கைக்கோள், நம் பேரன் தீவு

கிலவேயாவில் கை பழகிய பிறகு, தரைக் கருவிகளின் வரைபடம் பொதுவில் கிடைக்காத ஓர் எரிமலைக்கு வாருங்கள். அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு (Barren Island) இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலத் தீவு, கடலுக்கு மேலே சுமார் 350 மீட்டர் உயரம். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் உறங்கிவிட்டு 1991இல் மறுபடி வெடித்தது. அதன்பின் விட்டுவிட்டு இயங்கிக்கொண்டே இருக்கிறது. மனிதர்கள் யாரும் அங்கே வசிப்பதில்லை. காட்டு ஆடுகள் மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடக்கின்றன.

இதற்கு மூன்று வழி. முதலாவது, நாசாவின் ஃபர்ம்ஸ் தீ வரைபடம். காட்டுத்தீயைக் காட்டுவதற்காக வைத்தது, சூடான லாவாவையும் காட்டிக்கொடுக்கும். வரைபடத்தை 12.28 வடக்கு, 93.86 கிழக்கில் நிறுத்துங்கள். நடுக்கடலில், தொழிற்சாலையோ வயலோ இல்லாத இடத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தால் சந்தேகிக்க வேறு ஆள் குறைவு. ஒரு புள்ளி கிட்டத்தட்ட 375 மீட்டர் சதுரம், எனவே சற்றுத் தள்ளிக் கடலில் விழுந்தாலும் பரவாயில்லை. ஒரு புள்ளியைக் கண்டு துள்ள வேண்டாம். அடுத்தடுத்த இரவுகளிலும் வருகிறதா பாருங்கள்.

இரண்டாவது, ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்கள். கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இலவசத் தளத்தில் தீவைத் தேடி, மேகம் குறைந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண வண்ணப் படத்தில் புகை தெரியும். பிறகு குறுஅலை அகச்சிவப்புக் கலவைக்கு மாற்றுங்கள். செடிகொடி பச்சையாகவும், சூடான இடம் ஆரஞ்சு மஞ்சளாகவும் ஒளிரும். லாவா எந்தப் பக்கம் ஓடியது என்பதை இருபது மீட்டர் நுட்பத்தில் நீங்களே பார்க்கலாம். மேகம் இல்லாவிட்டால் ஐந்து நாளுக்கொரு படம் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் வெண்மேகம்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

மூன்றாவது, சென்டினல்-5பி தரும் சல்ஃபர் டை ஆக்சைடு வரைபடம். பேரன் தீவின் சிறு புகைக்கு இது பெரும்பாலும் உதவாது. பெரிய வெடிப்புகளுக்கு இதைப் போல ஒன்று கிடையாது.

ரேடார் படங்களைக் கொண்டு நிலம் உப்புவதை அளக்கும் முறையும் உண்டு. சென்டினல்-1 படத்தில் வானவில் வளையம் ஒவ்வொன்றும் சுமார் 2.8 சென்டிமீட்டர் நகர்வு. நீங்களே செய்து பார்ப்பதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். மற்றவர்கள் வெளியிடும் படத்தில் வளையங்களை எண்ணத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

ஒன்பதாம் படி: நோட்டு

இதைச் செய்யாதவர் பார்வையாளர், செய்பவர் கண்காணிப்பாளர். ஒரு நாளுக்கு நாலு வரி போதும். மாதிரிக்கு:

'02:40 உலக நேரம். சாய்வு: ஏறுமுகம், போன ஊற்றில் இழந்ததில் முக்கால்வாசி மீண்டது. நடுக்கம்: குறைவு. கேமரா: லாவா எழும் வடக்குத் துளையில் மங்கிய ஒளி, புகை தென்மேற்கே. ஆய்வக அறிக்கை: மாற்றமில்லை. ஊகம்: இன்னும் 2 முதல் 4 நாள்.'

கண்டதையும் ஊகத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். 'ஒன்றும் தெரியவில்லை, மேகம்' என்பதும் ஒரு பதிவுதான், எழுதிவையுங்கள். ஊகம் நோட்டோடு இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இரண்டாவது கையிலேயே அது 'விஞ்ஞானிகள் எச்சரிக்கை' ஆகிவிடும். யாராவது ஒரு பரபரப்பான காணொளி அனுப்பினால், அது எந்த எரிமலை, எந்த நாள் என்று கேளுங்கள். சம்பந்தப்பட்ட ஆய்வகத்தின் பக்கத்தில் அந்த நாளுக்கான அறிக்கை இல்லையென்றால் அதைப் பழையது என்றே வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுவதற்குமான நிலவரத்துக்கு, ஸ்மித்சோனியன் நிறுவனமும் யு.எஸ்.ஜி.எஸ்.ஸும் சேர்ந்து வெளியிடும் வாராந்தர எரிமலை அறிக்கையை வாரம் ஒரு முறை படித்தால் போதும்.

பத்தாம் படி: பழைய வெடிப்புகளில் பயிற்சி

அடுத்த பெரிய வெடிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். பதிவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹெய்லி குப்பி வெடித்தது. சாம்பலும் வாயுவும் செங்கடல், ஏமன், ஓமன் தாண்டி அரபிக்கடலைக் கடந்து மறுநாள் வட இந்தியாவின் மேல் வந்தன. இந்திய விமான நிறுவனங்கள் சில பயணங்களை ரத்து செய்தன. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் அந்தத் தேதியை வைத்து நாள் நாளாக நகர்த்துங்கள். சென்டினல்-5பி படத்தில் சல்ஃபர் மேகம் கிழக்கே நீண்டுபோவதைப் பின்தொடருங்கள். பிறகு பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையம் விமானங்களுக்கு விடுத்த அறிவிப்போடு ஒப்பிடுங்கள். உலகை இப்படி ஒன்பது மையங்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. எந்த எல்லை யாருடையது என்று தெரிந்துவைத்தால் வெடிப்பு நாளில் தேடி அலைய வேண்டியதில்லை. பேரன் தீவு ஆஸ்திரேலியாவின் டார்வின் மையத்தின் கீழ் வருகிறது.

அடுத்த பயிற்சி 2022 ஜனவரி 15, பசிபிக் தீவு நாடான டோங்காவின் ஹுங்கா எரிமலை. அதன் சாம்பல் தூண் 57 கிலோமீட்டர் உயரம் போனது. வெடிப்பின் அழுத்த அலை பூமியைப் பல முறை சுற்றிவந்தது, அன்றிரவு சென்னைக் காற்றழுத்தமானிகளிலும் ஒரு சிறு துள்ளலாகப் பதிந்தது. உங்கள் ஊரில் வீட்டு வானிலை நிலையம் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அன்று இரவு ஏழு மணி முதல் பத்து மணிவரையான அழுத்தப் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓரிரு மில்லிபார் ஏறி இறங்கியிருக்கும். வெடித்த நேரம் இந்தியக் கணக்கில் காலை பத்து மணி வாக்கில். தூரத்தை உலக வரைபடத்தில் அளந்து நேரத்தால் வகுத்தால் அலையின் வேகம் கிடைக்கும். வினாடிக்கு 300 மீட்டருக்குச் சற்று மேலே வந்தால் உங்கள் கணக்கு சரி.